திரையில் இரண்டாவது முகம்

ஆலங்குடி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பெயர்தான் ஜெராக்ஸ் கடை, பாதி வேலை கம்ப்யூட்டரில். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் மார்க் பட்டியலும் சாதிச் சான்றிதழுமாக வந்து வரிசையில் நிற்பார்கள். எந்தக் கல்லூரியில் என்ன பாடம் இருக்கிறது, எந்தச் சான்றிதழை எவ்வளவு சுருக்கி ஏற்ற வேண்டும், எந்தப் பெட்டியில் டிக் போட மறந்தால் விண்ணப்பம் திரும்பி வரும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. "அக்கா, எனக்கு என்ன பாடம் போடலாம்?" என்று கேட்கிற பிள்ளையிடம், "ஒனக்கு என்ன புடிக்கும்னு மொதல்ல சொல்லு. ஒங்க மாமாவுக்கு என்ன புடிக்கும்னு அப்பறமா கேட்டுக்கலாம்" என்பேன். கூட வந்த மாமா முறைப்பார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

இப்படி ஊரார் பிள்ளைகளையெல்லாம் கல்லூரிக்கு அனுப்பிக்கொண்டிருந்த நான், கல்லூரியை முடிக்காதவள். புதுக்கோட்டையில் பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை அமைந்தது. அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம். "கல்யாணத்துக்கு அப்பறம் படிச்சுக்கலாம் ஆத்தா, படிப்பு எங்க ஓடிப் போகுது" என்றார். எங்கள் பக்கம் தங்கையைச் செல்லமாக ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். படிப்பு ஓடித்தான் போனது. இருபத்திரண்டு வருஷம் ஓடியது.

அண்ணன் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் என் மனசு என்னை விடாது. எனக்கு டைபாய்டு வந்த வருஷம் என்னைச் சைக்கிளின் பின்னால் துண்டால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மிதித்தவர். ஆனாலும் அந்த ஒரு விஷயத்தை நான் விடவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், தூரத்து உறவுக்கார அம்மா ஒருவர் என்னிடம், "நீ எதுவரைக்கும் படிச்சத்தா?" என்று கேட்டார். பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த அண்ணனைக் காட்டி, "அவுகளக் கேளுங்க. நிறுத்துனவுகளுக்குத்தான் தெரியும்" என்றேன். இரண்டு வரிசையும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தது. அண்ணன் வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. புதுக்கோட்டை பஸ்ஸில் பார்த்துக்கொண்டாலும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வோம்.

ஆன்லைனில் டிகிரி படிப்பதை நான் ஆரம்பத்தில் கேலிதான் செய்தேன். செல்போனில் சமையல் பார்த்துவிட்டுச் சமைக்கத் தெரியும் என்று சொல்கிற மாதிரி இருந்தது எனக்கு. ஒரு நாள் கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணுக்கு அந்த விண்ணப்பத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன். குழந்தை என் மேசையிலிருந்த பசை டப்பாவை வாயில் வைக்கப் போனது. "இத வச்சுக்கிட்டு எப்படிப் படிப்ப?" என்றேன். "இது தூங்குறப்ப கிளாஸ் பாப்பேங்க்கா. முழிச்சுக்கிட்டா நிறுத்திக்குவேன். வாத்தியாரு கோவிச்சுக்க மாட்டாரு" என்றாள். அவள் போன பிறகு அதே பக்கத்தை மறுபடியும் திறந்தேன். பெயர் என்ற கட்டத்தில் என் பெயரை அடித்தபோது இரண்டு தடவை எழுத்துப் பிழை விட்டேன். ஆயிரம் பெயர் அடித்த விரல்தான்.

முதல் மாதம் எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆசிரியர் திரையில் வருவார், பேசுவார், போய்விடுவார். நாம் திருதிருவென்று விழிப்பது அவருக்குத் தெரியாது. வகுப்பு என்றால் கேள்வி கேட்டு மாட்டிவிட வேண்டாமா, கடைசி பெஞ்சைப் பார்த்து முறைக்க வேண்டாமா? பிறகு மெல்ல அதன் வசதி பிடிபட்டது. புள்ளியியல் எடுத்தவர் கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். பாதி வார்த்தையில், பாதி மூடிய கண்ணோடு, நான் நிறுத்தி வைத்த திரையில் அவர் எத்தனையோ தடவை உறைந்து நின்றிருக்கிறார். அந்த நேரத்தில் நான் யாருக்காவது ஆதார் கார்டை முன்னும் பின்னும் ஜெராக்ஸ் போட்டுக்கொண்டிருப்பேன். ஒரே விளக்கத்தைப் பதினோரு தடவை கேட்டிருக்கிறேன். பதினோராவது தடவையும் முதல் தடவை சொன்ன அதே பொறுமையோடு சொன்னார். புதுக்கோட்டைக் கல்லூரியில் இரண்டாம் தடவை கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

பொறுமை இருந்து என்ன செய்ய, எனக்குப் புரியவில்லையே. இந்த இடம் புரியவில்லை என்று அங்கே ஒரு பக்கத்தில் எழுதிப் போட்டால், எட்டு நாள் கழித்து, 'பாடம் நான்கைப் பார்க்கவும்' என்று பதில் வரும். பாடம் நான்கைப் பார்த்துத்தான் கேள்வியே வந்தது. அங்கேதான் விராலிமலைத் தோழி கிடைத்தாள். அவளும் அதே படிப்பு, விராலிமலையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. முகம் பார்த்ததில்லை, போனில்தான் பழக்கம். திட்ட விலக்கம் என்றால் என்ன என்று நான் புலம்பியபோது அவள் சொன்னாள்: "எங்க கம்பெனியில போல்ட்டு அளக்குறோம்லக்கா. மொத்தமா பாத்தா சராசரி சரியாத்தான் இருக்கும். ஆனா ஒவ்வொண்ணும் அந்தச் சராசரியில இருந்து எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு பாக்கணும். அதுதாங்க்கா இது." மூன்று வருஷமாக மண்டையில் ஏறாதது மூன்று நிமிஷத்தில் ஏறியது. கடைக்கு எதிரே வருகிற பஸ்களைக்கூட அன்றிலிருந்து எத்தனை நிமிஷம் தள்ளி வருகின்றன என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

ஏறினது நல்லதுதான், ஆனால் தாமதமாக ஏறியது. மூன்று வருஷப் படிப்பை அதிகபட்சம் ஆறு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. கடை, வீடு, மகளின் படிப்பு என்று எனக்கு ஐந்தரை வருஷம் கழிந்திருந்தது. மற்ற எல்லாத் தாளும் தேறியாயிற்று. புள்ளியியல் மட்டும் இரண்டு தடவை போய்விட்டது. மூன்றாவது தடவையும் போனால் ஆறு வருஷமும் போச்சு, மறுபடி முதலிலிருந்துதான். நாற்பத்திரண்டு வயதில் இன்னொரு முதலிலிருந்துக்கு எனக்குத் தெம்பு இல்லை.

பரீட்சையும் வீட்டிலிருந்தேதான். லேப்டாப் கேமராவைச் சுழற்றி அறையைச் சுற்றிலும், கட்டிலுக்கு அடியிலும் காட்ட வேண்டும். நாற்காலியைவிட்டு எழக் கூடாது. வாயசைக்கக் கூடாது. அறையில் வேறு யாரும் தெரியக் கூடாது. ஒத்திகை நாளில், 'திரையில் இரண்டாவது முகம் தெரிகிறது' என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. திரும்பிப் பார்த்தால் சுவரில் மாலையோடு என் மாமனார் படம். "செத்து எட்டு வருசமாச்சு, இப்ப வந்தா எனக்கு பிட்டு குடுக்கப் போறாரு" என்று நான் சிரித்தேன். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, "அப்பா, மூணு மணி நேரந்தான்" என்று சொல்லிப் படத்தைக் கழற்றிப் பீரோவுக்குள் வைத்தார். அவர் தேங்காய் லோடு வண்டி ஓட்டுகிறவர். பரீட்சையன்று வெளியூர் லோடு, தள்ளிப்போட முடியவில்லை.

எனவே கடையிலேயே பெரிய எழுத்தில் ஒரு அறிவிப்பு அடித்து, லேமினேஷன் போட்டு, வீட்டு முன்கதவில் ஒட்டினேன். 'உள்ளே பரீட்சை நடக்கிறது. கதவைத் தட்டவோ கூப்பிடவோ வேண்டாம்.' முன்கதவைத் தாழிட்டேன். கொல்லைக் கதவைச் சும்மா சாத்தி வைத்தேன். பகலில் கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிற பழக்கம் எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது.

பத்து மணிக்குப் பரீட்சை ஆரம்பித்தது. கேள்விகள் எனக்குத் தெரிந்தவையாக இருந்தன. நம்பவே முடியவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் பாதியைத் தாண்டிவிட்டேன். திட்ட விலக்கக் கணக்கு ஒன்று வந்தது, விராலிமலைத் தோழியை மனதில் கும்பிட்டுவிட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது திரையின் மூலையில் என் முகம் தெரிகிற சின்னக் கட்டத்தில், என் தோளுக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ அசைந்தது.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கையில் தாம்பாளம். அதில் பூ, பழம், வெற்றிலை பாக்கு, மேலே மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. அண்ணன். அவருக்குப் பின்னால் பட்டுச் சேலையில் அண்ணி, சந்தனக் கிண்ணத்தோடு.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் வகையறாவில் குலசாமிக்கு முதல் பத்திரிகை வைத்த கையோடு, அடுத்த தட்டு கூடப்பிறந்தவள் வீட்டுக்குத்தான். அவளுக்கு வைக்காமல் வேறு எந்த வீட்டுப் படியும் ஏற முடியாது. நல்ல நேரம் முடிவதற்குள் கையில் கொடுத்துவிட வேண்டும். கொண்டு வந்த தட்டைத் திருப்பி எடுத்துப் போனால் கல்யாணத்துக்கே ஆகாது என்பார்கள். வாங்குகிறவளும் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்க வேண்டும். உட்கார்ந்தபடி இருந்தால் உன் உறவே வேண்டாம் என்று அர்த்தம். பேச்சில்லாத ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் அண்ணன் அந்தத் தட்டோடு என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார், நான் திரும்பக்கூட முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

திரையில் சிவப்பு எழுத்து வந்தது. இரண்டாவது முகம் தெரிகிறது. முதல் எச்சரிக்கை.

அண்ணன் அப்படியே நின்றார். அந்தச் சின்னக் கட்டத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் திரும்பாததைப் பார்த்து அண்ணி அவர் கையைத் தொட்டு, போகலாம் என்பது போலத் தலையசைத்தார். அண்ணனின் முகம் சுருங்கியது. தட்டைக் கொஞ்சம் தன் நெஞ்சோடு இழுத்துக்கொண்டார். திரும்பப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் எழுந்துவிட்டேன். யோசித்து எழுந்தேன் என்று சொன்னால் அது பொய். தட்டை இரண்டு கையாலும் வாங்கினேன். அண்ணி என் நெற்றியில் குங்குமம் வைத்தார். மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் லேப்டாப்பில் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். 'விதிமீறல் காரணமாக உங்கள் தேர்வு முடித்துவைக்கப்பட்டது.'

தட்டோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். "என்னாத்தா?" என்றார் அண்ணன். ஒன்பது வருஷத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை.

"போச்சுண்ணே. பரீட்ச போச்சு."

"நடுவுல எந்திரிச்சா போயிருமா? வாத்தியாரே இல்லாத பரீட்சதானன்னு..." அவர் தடுமாறினார். "கதவுல எழுதிப் போட்டிருந்தத அண்ணி படிச்சுச்சு. தட்டக் கூடாது, கூப்புடக் கூடாதுன்னுதான் இருந்துச்சு. அதேன் தட்டாம கூப்புடாம கொல்லப்பக்கமா வந்தோம். ஒரு வார்த்த பேசலையே நாங்க."

உண்மைதான். நான் எழுதி ஒட்டியதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறார்கள். உள்ளே வரக் கூடாது என்று நான் எழுதவில்லை. இன்னொரு நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு எனக்கு வந்தது கோபம். "மொதத்தடவ கல்யாணத்தச் சொல்லி நிறுத்துனீங்க. இந்தத் தடவ கல்யாணப் பத்திரிகையோட வந்து நிறுத்திட்டீங்க" என்றேன். சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அண்ணன் அண்ணியைப் பார்த்து, "வா" என்றார். நான் கொண்டுவந்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் இரண்டு பேரும் கொல்லை வழியாகவே போய்விட்டார்கள்.

மத்தியானம் பத்திரிகையைப் பிரித்தேன். அண்ணன் மகளுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்துப் பத்திரிகையில் மணமக்களைவிட உறவினர் பெயர்கள்தான் அதிகம் இருக்கும். பெயருக்குப் பின்னால் அவரவர் பட்டம். படித்துப் பத்து வருஷம் வேலை கிடைக்காதவனுக்கும் அங்கே ஒரு பி.இ. இருக்கும். இத்தனை வருஷமும் எல்லாப் பத்திரிகையிலும் என் பெயர் மட்டும் மொட்டையாக இருந்திருக்கிறது, அந்த வரியை நான் வேகமாகத் தாண்டிப் பழகியிருக்கிறேன். இதில் அத்தைகள் வரிசையில் முதல் பெயர் என்னுடையது. அதற்குப் பின்னால், காற்புள்ளி போட்டு, பி.ஏ. என்று அச்சடித்திருந்தது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் கொஞ்ச நேரம் இழுத்துவிட்டுச் சொன்னார். "மச்சான் என்னய தேங்கா மண்டியில பாத்தாரு. தங்கச்சி ஏதோ படிக்குதாமே, முடிச்சிருச்சான்னு கேட்டாரு. முடியப் போகுதுன்னேன். கார்டு அடிக்கக் குடுக்கணும், என்ன பட்டம்னு கேட்டு உள்ளங்கையில எழுதிக்கிட்டாரு. ஒன்கிட்டச் சொல்ல வேணாம்னு சொல்லிட்டாரு." போனை வைத்துவிட்டு அழுதேன். கூடத்தில் உட்கார்ந்து, தட்டுக்கு எதிரே, சத்தம் போட்டே அழுதேன். வாங்காத பட்டம் சொந்தபந்தம் அத்தனை பேர் வீட்டுக்கும் போகப் போகிறது. அதை நிறுத்தியவரே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார்.

விராலிமலைத் தோழிதான் உசுப்பினாள். "அழுதது போதுங்க்கா. மேல்முறையீடுன்னு ஒரு பக்கம் இருக்கு. மூணு நாளுக்குள்ள போடணும்." திறந்து பார்த்தேன். காரணம் என்ற கட்டத்தில் ஒரு பட்டியல். மின்தடை, இணையத் துண்டிப்பு, உடல்நலக் குறைவு, கருவிக் கோளாறு. அண்ணன் பத்திரிகை வைக்க வந்தார் என்று அதில் இல்லை. கடைசியில் 'பிற' என்று இருந்தது. அதன் கீழே ஐநூறு எழுத்துக்கு இடம். ஊருக்கே மனு எழுதிக் கொடுக்கிறவளுக்கு அந்த ஐநூறு எழுத்து ஒரு பகல் முழுக்க ஓடவில்லை.

ஆதாரம் இணைக்க வேண்டும் என்றது. இருக்கிற ஒரே ஆதாரம் பத்திரிகை. ஸ்கேனரில் வைத்துவிட்டுத்தான் கவனித்தேன். பட்டம் கேட்டு எழுதுகிற பல்கலைக்கழகத்துக்கு, பட்டம் வாங்கிவிட்டதாக அச்சடித்த பத்திரிகையை அனுப்பப் போகிறேன். ஒரு துண்டுக் காகிதத்தை அந்த வரிமேல் வைத்து ஸ்கேன் செய்தால் யாருக்கும் தெரியாது. அந்த வேலை எனக்குக் கைவந்த கலை. காகிதத்தை வெட்டியும் விட்டேன். வைக்க மனசு வரவில்லை. அண்ணன் உள்ளங்கையில் எழுதிக் கொண்டுபோனதை நான் மறைப்பதா? முழுசாக ஏற்றினேன். கீழே எழுதினேன்: 'ஒன்பது வருடம் பேசாத என் அண்ணன் தன் மகள் திருமணத்துக்கு அழைக்க வந்தார். தட்டை உட்கார்ந்து வாங்கினால் எங்கள் ஊரில் உறவு முறிந்துவிடும். எழுந்தது என் முடிவு. அவர் எனக்கு எதுவும் சொல்லித் தரவில்லை. பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் உள்ள பட்டம் நான் இன்னும் வாங்காதது. அவர் ஆசையில் போட்டது.'

நாலாம் நாள் பதில் வந்தது. வீடியோவில் விசாரணை, அறைக்குள் வந்த நபரும் உடன் இருக்க வேண்டும். அண்ணனிடம் எப்படிக் கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். கல்யாண வேலையையெல்லாம் போட்டுவிட்டு, சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே அண்ணன் வந்துவிட்டார். இந்தத் தடவை முன்வாசலில் நின்று, "உள்ள வரலாமாத்தா?" என்று கேட்டார்.

திரையில் ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும், சென்னைப் பேச்சு. நான் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் உட்கார மறுத்து, லேப்டாப்புக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் வயிறு மட்டும்தான் கேமராவில் தெரிந்தது. "சார், முகம் தெரியல. உக்காருங்க" என்று அந்த அம்மா இரண்டு தடவை சொன்ன பிறகுதான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"நீங்கதான் ரூமுக்குள்ள வந்தீங்களா?"

"நாந்தாங்கம்மா. அது ஒரு வார்த்த பேசல. சொல்லிக்குடுத்துட்டேன்னு சந்தேகப்படாதீங்க, நா எட்டாவதுதான் படிச்சிருக்கேன்."

அந்த அம்மா குனிந்து எதையோ பார்த்தார். "பத்திரிகையில பி.ஏ.ன்னு முன்னாடியே போட்டிருக்கீங்களே?"

அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அதப் போட்டதும் நாந்தாங்க. அது காலேசுல படிச்சப்ப நிறுத்துனதும் நாந்தேன். அப்ப எனக்கு ஒண்ணுந் தெரியல. தகப்பன் இல்லாத புள்ள, சீக்கிரம் கர சேத்துறணும்னு இருந்துச்சு. தப்புப் பண்ணிட்டேங்கம்மா. இப்ப ரெண்டாந்தடவயும் நானே நிறுத்திட்டேன். அதுக்கு இன்னொரு தடவ குடுங்க. அன்னைக்கு ஒருத்தரும் வராம நா வாசல்ல ஒக்காந்துக்கிறேன்."

இருபத்திரண்டு வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. என்னிடம் சொல்லவில்லை, முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம் சொன்னார். பரவாயில்லை, நான் பக்கத்தில்தான் இருந்தேன். திரையில் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கல்யாணம் என்னைக்கு சார்?" என்று மட்டும் கேட்டார்.

மறுதேர்வுக்கு அனுமதி வந்தது. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால், காலை பத்து மணிக்கு. பெண்ணைப் பெற்றவருக்கு அந்த வாரம் மூச்சுவிட நேரம் இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும். வர வேண்டாம், வீட்டுக்காரர் லோடுக்குப் போகவில்லை என்று சொல்லியும் அண்ணன் கேட்கவில்லை. ஒன்பதரைக்கு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போட்டு, செல்போனை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொல்லைப் பக்கம் அண்ணி. மாமனார் பீரோவுக்குள். வீட்டுக்காரர் ஒன்றும் செய்ய இல்லாமல், தெருமுனையில் நின்று மீன் வண்டிக்காரரிடம் ஹாரன் அடிக்காமல் போகச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

உள்ளே எனக்குக் கேட்டது ஒரே ஒரு பேச்சு. கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவரிடம் அண்ணன் அடித்தொண்டையில், "அங்கிட்டே வச்சுட்டுப் போங்கய்யா. உள்ள எந்தங்கச்சி பரீட்ச எழுதுது" என்றார். எழுத்து ஒரு நிமிஷம் கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்தால் அதுவும் விதிமீறலாகிவிடுமோ என்று துடைக்காமலே அடுத்த கேள்விக்குப் போனேன்.

முடித்துக் கதவைத் திறந்தேன். அண்ணன் நாற்காலியைவிட்டு எழுந்தார். "முடிச்சிட்டியா?" "முடிச்சிட்டேண்ணே." செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மண்டபத்தில் பத்திரிகையைப் பார்த்தவர்களெல்லாம், "எப்பத்தா டிகிரி வாங்குன, சொல்லவே இல்ல" என்று பிடித்துக்கொண்டார்கள். "இன்னும் வாங்கல, அண்ணன் அட்வான்ஸா போட்டுட்டாரு" என்று எல்லோரிடமும் உள்ளதைச் சொன்னேன். சொல்லும்போது சிரித்தேன், ரிசல்ட் என்னாகுமோ என்ற நினைப்பு மட்டும் விடவில்லை.

மூன்று வாரம் கழித்து, கடையில் ஒருவருக்கு வாக்காளர் அட்டை திருத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது ரிசல்ட் வந்தது. புள்ளியியல், ஐம்பத்தெட்டு. தேர்ச்சி. அந்த மனிதரிடம், "அய்யா, ஒரு அஞ்சு நிமிசம் இருங்க" என்று சொல்லிவிட்டு, முதலில் விராலிமலைக்குப் போன் போட்டேன், அப்புறம் வீட்டுக்காரருக்கு, அப்புறம் மகளுக்கு. அண்ணனுக்குப் போட்டேன், அவர் எடுக்கவில்லை. தற்காலிகச் சான்றிதழைத் திறந்து பிரிண்ட் கொடுத்தேன். இத்தனை வருஷம் ஊரார் சான்றிதழாகத் தள்ளிய மெஷின் அன்றைக்கு என் பெயரைத் தள்ளியது. சூடாக இருந்தது.

அண்ணன் போன் எடுக்காததன் காரணம், அவர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்ததுதான். வீட்டுக்காரர் முந்திக்கொண்டிருக்கிறார். நேரே கடைக்கு வந்து, வாடிக்கையாளர் நிற்கிற பக்கத்தில் நின்று, "எனக்கு ஒரு ஜெராக்ஸ் போடுத்தா" என்றார். போட்டுக் கொடுத்தேன். மஞ்சள் பையிலிருந்து மிச்சமிருந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து, நகலை நாலாக மடித்து அதற்குள் வைத்தார். "கார்டு முந்திருச்சு, இது பிந்திருச்சு. ரெண்டும் ஒண்ணாக் கெடக்கட்டும்" என்றார். பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பியவர், படியில் நின்று திரும்பினார்.

"அடுத்து என்னாத்தா படிக்கப் போற?"